மாட்டு டொக்டர் எழுதிய மனிதச் சான்றிதழ்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் டொக்டர் இல்லை. கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் தீவுப் பகுதிச் சனங்களுக்கு ஊசிப் பெட்டியோடு வருகிறவர் எல்லோருமே மாட்டு டொக்டர்தான். இருபத்தெட்டு வருடம் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் ஒரே ஒரு நாளைத் தவிர நான் அதைத் திருத்தவில்லை. நான் செய்த பிழைகளில் இதுதான் மிகச் சிறியது.

போன மாதம் ஊர்காவற்றுறையில் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. ஐந்து பேர். அதில் நான்கு பேர் பெண்கள். என் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் பெண் என்று இருந்தது சுவரில் தொங்கிய பசுவின் படம் மட்டும்தான். "சேரின்ரை அனுபவத்திலை ஒரு வெற்றிக் கதை சொல்லுங்கோ" என்று கேட்டிருந்தார்கள். நானும் தடுப்பூசி போட்ட கதையைப் படம் கீறிக்கொண்டு போயிருந்தேன். தொடங்குவதற்கு முன்பே, நெடுந்தீவுக்கு நியமனம் கிடைத்த சுகந்தி என்ற பிள்ளை எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்.

"சேர், நெடுந்தீவு மாடுகளோடை பொம்பிளையள் மல்லுக்கட்ட ஏலாது, அது இயற்கையிலையே அப்பிடித்தான் எண்டு சொல்லுகினம். உண்மையோ?"

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் கரும்பலகை நிறைய எழுதி, மதியச் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டு விளக்கியிருப்பேன். இப்போது கொண்டுபோன படத்தைச் சுருட்டி மேசைக்குக் கீழே வைத்தேன். அவர்களுக்குச் சொன்ன கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். அது வெற்றிக் கதை இல்லை.

என் பயிற்சி இரண்டு வருடம். படித்ததில் பாதி மறந்துபோயிற்று. மறக்காத பாதியால்தான் வினை வந்தது.

எங்கள் மேலதிகாரி டொக்டர் அருமைநாயகம். உண்மையான டொக்டர், மிருக வைத்தியர். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசியதை நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய அறைக்குள் போகும்போது என் கையில் உள்ள கொப்பி ஈரமாகிவிடும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அந்தக் கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் அடிமட்டம் வைத்து நடுவில் கோடு போட்டார். "இடப் பக்கம் கண்டது. வலப் பக்கம் நினைச்சது. அறிக்கையிலை இடப் பக்கம் மட்டும்தான் வரவேணும் காணும்" என்றார். அவ்வளவுதான் உபதேசம்.

சனிக்கிழமைகளில் கொப்பி பார்ப்பார். அதற்கு முன் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கை கழுவுவார், புண்ணைத் தொடப்போகிறவர் மாதிரி. வலப் பக்கத்துக்குரிய வசனம் இடப் பக்கத்தில் இருந்தால் சிவப்பு மையால் வெட்டமாட்டார். பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு வலப் பக்கம் அனுப்புவார். "மாடு கவலையாக நிற்கிறது" என்று ஒரு தரம் இடப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

"கவலையைக் கண்டனீரோ?"

"முகத்தைப் பாக்கத் தெரிஞ்சது ஐயா."

"முகத்திலை எந்த இடத்திலை?"

அம்பு போட்டார். பிறகுதான் "தலை தொங்கியிருக்கிறது, காலையிலிருந்து தின்னவில்லை" என்று எழுதப் பழகினேன். பழகினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் ஆராய்ச்சிக்கு வருகிறேன். குத்த வருகிற நாம்பனைப் பிடித்துக் காயடித்துவிட்டால் சில மாதத்தில் அந்தக் காளை எப்படிச் சாதுவாகிறது என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நேற்று வேலியைப் பிய்த்தது இன்று வேலியில் முதுகு சொறிந்துகொண்டு நிற்கும். ஹோர்மோன் என்றால் என்ன என்று புத்தகம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதுவரைக்கும் இடப் பக்கம்தான். பிழை இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பத்திரிகையின் வாரமலரில் ஆணின் மூளை, பெண்ணின் மூளை என்று பெரிய கட்டுரை ஒன்று வந்தது. அதை மூன்று தரம் வாசித்தேன். அன்றிலிருந்து உலகத்தில் எனக்கு விளங்காதது எதுவும் இல்லாமல் போயிற்று. ஆண்கள் ஏன் வழி கேட்பதில்லை, பெண்கள் ஏன் பழைய சண்டையை மறப்பதில்லை, எல்லாவற்றுக்கும் ஒரு மாட்டை உதாரணம் காட்டி விளக்கம் வைத்திருந்தேன். வீட்டில் மனைவிக்குத்தான் முதல் விரிவுரை. ஆணின் மூளை வெளியே அலைவதற்கும் பெண்ணின் மூளை பொருட்களை ஞாபகம் வைத்திருப்பதற்கும் அமைந்தது என்றேன்.

"அப்ப நீங்கள் மோட்டச்சைக்கிள் திறப்பை எங்கை வைச்சனீங்கள் எண்டதை நான் ஞாபகம் வைச்சிருக்கவேணும் எண்டுறது ஹோர்மோனோ, உங்கடை சோம்பலோ?" என்று குசினிக்குள் இருந்து கேட்டாள்.

பெண்களுக்கு இப்படிப் பேச்சுத் திறமை கூட இருப்பதற்கும் உயிரியல் காரணம் உண்டு என்று பதில் சொன்னேன். அன்று தேத்தண்ணி வரவில்லை.

இந்த நிலையில்தான் நெடுந்தீவு மாடுகளுக்கு, காலிலும் வாயிலும் புண் வருகிற கால்-வாய் நோய்க்குத் தடுப்பூசி போடப் போனேன். அங்கே மாடுகள் வீட்டு மாடுகள் மாதிரி இல்லை. வெளியில் திரிந்து வளர்ந்தவை. மனிதரைக் கண்டால் ஒன்றில் ஓடும், இல்லாவிட்டால் ஓட்டும். கற்களை அடுக்கிக் கட்டிய பட்டிக்குள் அவற்றைச் சாய்த்து அடைத்துத்தான் ஊசி போட வேண்டும். சின்னத்துரை என்பவருடைய பட்டியில் சிவப்பும் வெள்ளையுமான ஒரு செம்மறை நாம்பன் நின்றது. நான் உள்ளே காலை வைத்ததும் அது தலையைக் குனிந்தது. அடுத்த கணம் நான் மதிலுக்கு மேலே நின்றேன். எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. உதவிக்கு வந்த இரண்டு ஆண்களும் எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள்.

அப்போது சின்னத்துரையின் மகள் மலர் சுருக்குக் கயிற்றோடு உள்ளே இறங்கினாள். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். பாவாடைக்கு மேலே தகப்பனின் பழைய சேட்டு. அவள் நாம்பனைத் துரத்தவில்லை. முதலில் அதோடு சேர்ந்து திரியும் கிழட்டுப் பசுவை அதற்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டாள். பிறகு ஏதோ வீட்டுக் கதை பேசுகிறவள் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு, முன்னால் போகாமல் தோள் பக்கமாக நடந்தாள். பசுவை மணக்க நாம்பன் தலையைத் தாழ்த்தியது. கயிறு விழுந்தது. அவள் இழுக்கவில்லை. கயிற்றின் மறு நுனியைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். நாம்பன் தானே இழுத்து, தானே இறுக்கி, தானே களைத்து நின்றது.

"இறங்கி வாங்கோ டொக்டர், ஊசியைப் போடுங்கோ" என்றாள்.

இறங்கினேன். வெட்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆராய்ச்சி. ஒரு பெண்ணுக்கு எப்படி இந்தத் துணிவு வந்தது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். நாங்கள் மூன்று ஆண்கள் மதிலில் ஏறி நின்றதற்கு என்ன காரணம் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அவர்களின் வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள். சின்னத்துரை கால் ஏலாதவர், கதிரையில் இருந்தபடியே கதைத்தார். "இவளும் மூத்தவன் ராசனும் இரட்டையள். அவன் ஊர்காவற்றுறையிலை வாத்தியார். இவளுக்கும் இப்ப புளியங்கூடலிலை ஒரு சம்பந்தம் சரிவந்திருக்கு" என்றார்.

இரட்டை என்ற சொல்லுக்குப் பிறகு எனக்கு எதுவும் காதில் விழவில்லை. பயிற்சியில் படித்து மறக்காத ஒன்று சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. பசு இரட்டைக் கன்று ஈன்று, ஒன்று நாம்பனும் மற்றது நாகுமாக, அதாவது ஆணும் பெண்ணுமாக இருந்தால், அந்த நாகு சரியாக வளராது. வயிற்றுக்குள்ளே இரண்டின் இரத்தக் குழாய்களும் ஒட்டி, ஆண் கன்றின் ஹோர்மோன் பெண் கன்றுக்குள் போய்விடும். வளர்ந்த பிறகு சில நாகுகள் நாம்பன் மாதிரியே நடக்கும். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மலரைப் பார்த்தேன். தமையனுடன் ஒரே வயிற்றில் கிடந்தவள். நாம்பனை அடக்குகிறவள். எல்லாம் பொருந்திவிட்டது.

கொப்பியின் வலப் பக்கம் அன்று போதவில்லை. பின் அட்டையிலும் எழுதினேன்.

எழுதியதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. திரும்பி வந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் நெடுந்தீவில் என்ன புதினம் என்று விசாரித்தார். மலர் நாம்பனைப் பிடித்த கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஏன் அவளால் அது முடிகிறது என்பதற்கு தடுப்பூசி கொண்டுபோன ஐஸ் பெட்டியின் மூடியில் பென்சிலால் படம் கீறினேன். இரண்டு வட்டம், நடுவில் குழாய். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

குடையோடு நின்ற ஒரு அம்மா கேட்டா, "அப்ப டொக்டர், அப்பிடிப் பிறந்த நாகு கண்டு போடுமோ?"

"அனேகமாய்ப் போடாது அம்மா. மலடுதான்" என்றேன், சோதனையில் முழுப் புள்ளி எடுத்த பிள்ளை மாதிரி.

குடையை மடக்கிக்கொண்டு புளியங்கூடல் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினா. அவ மாப்பிள்ளையின் பெரியம்மா என்பது எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும்.

பத்தாம் நாள் அலுவலக வாசலில் ஒருவர் வந்து நின்றார். மெலிந்த உடம்பு, கண்ணாடி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டு. உள்ளே வரவில்லை. முற்றத்தில் சிகிச்சைக்குக் கொண்டுவந்த ஒரு கன்றுக்குட்டி கட்டியிருந்தது. பிறந்து இரண்டு கிழமைதான் இருக்கும்.

"அதை ஒருக்கால் அங்காலை கட்டுவீங்களோ?" என்றார்.

கட்டினேன். அது திரும்பிப் பார்த்தது. அவர் மறுபடியும் இரண்டு அடி பின்னால் போனார். பிறகு சுவரோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

"நான் ராசன். நெடுந்தீவு மலரின்ரை தமையன். தங்கச்சியின்ரை கலியாணத்தை மாப்பிள்ளை வீட்டார் நிப்பாட்டிப் போட்டினம். ஆம்பிளைப் பிள்ளையோடை இரட்டையாய்ப் பிறந்தபடியால் அவளுக்குப் பிள்ளை பிறவாது எண்டு மாட்டு டொக்டரே சொன்னவராம்."

"நான் மாட்டைப் பற்றித்தான் சொன்னனான்" என்றேன்.

"ஓம். அதைத்தான் கேக்க வந்தனான். நீங்கள் சொன்னபடி பாத்தால் அவளின்ரை துணிவு என்னட்டையிருந்துதானே போயிருக்கவேணும்?" முற்றத்துக் கன்றை ஒரு முறை பார்த்துக்கொண்டார். "எனக்குக் கண்டைக் கண்டாலே பயம். சின்னனிலையிருந்தே. எங்களுக்கு எட்டு வயதிலை அப்பாவுக்குக் கால் ஏலாமல் போச்சு. என்னை ஊர்காவற்றுறையிலை படிக்க விட்டினம், அவளைப் பட்டிக்கு விட்டினம். முதல் வருசம் முழுக்க அவளும் அழுதுகொண்டுதான் போனவள். அழுதழுது பழகினவள். இதை ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

ஒருவரும் சொல்லவில்லை. ஏனென்றால் நான் ஒருவரையும் கேட்கவில்லை.

உள்ளறையில் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. டொக்டர் அருமைநாயகம் கை கழுவுகிறார். அன்று சனிக்கிழமை இல்லை. துவாயால் கையைத் துடைத்தபடி வெளியே வந்து ராசனுக்கு வணக்கம் சொன்னார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். கொப்பியைக் கொடுத்தேன். நெடுந்தீவுப் பக்கத்தை நின்றபடியே வாசித்தார். பின் அட்டையையும் வாசித்தார்.

"மாட்டிலை குழாய் ஒட்டும். மனிசரிலை இரட்டைப் பிள்ளையளுக்கு அப்பிடி ஒட்டுறேல்லை. பயிற்சியிலை படிச்சனீர்தானே?"

மறந்துபோன பாதியில் அதுவும் இருந்தது. "மறந்துபோனன் ஐயா."

"மறந்தது பரவாயில்லை. பாதி மறந்ததை ஏன் காணும் சந்தியிலை நிண்டு சொன்னனீர்?" குரல் உயரவே இல்லை. "மனிசரிலை ஹோர்மோன் ஒண்டும் செய்யாது எண்டு நான் சொல்ல வரேல்லை. செய்யலாம். எவ்வளவு செய்யுது எண்டதைப் படிச்சவையே இன்னும் தேடிக்கொண்டிருக்கினம். ஒரு பிள்ளை கயிறு எறிஞ்சதைப் பாத்து அது உமக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

கொப்பியை மேசையில் வைத்து, பின் அட்டை முழுவதையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வட்டத்திலிருந்து ஒரு அம்பு. அம்பு கொப்பிக்கு வெளியே போய் மேசையில் முடிந்தது. "போய்ச் சொல்லிப்போட்டு வாரும்" என்றார்.

அடுத்த நாளே புளியங்கூடலுக்குப் போனேன். மாப்பிள்ளையின் தாய் என்னைக் கதிரையில் இருத்தி, சோடா தந்து, மரியாதையாகத்தான் கேட்டா. நான் குழாய்க் கதையை மீண்டும் சொன்னேன், இந்த முறை குழாய் இல்லாமல். நான் சொன்னது முழுக்கப் பிழை, மாட்டுக்கு உள்ளது மனிதருக்கு இல்லை, நான் மனித வைத்தியம் ஒரு எழுத்தும் படிக்காதவன், டொக்டர்கூட இல்லை என்றேன். இருபத்தெட்டு வருடத்தில் அதை நான் சொன்ன ஒரே இடம் அதுதான். மாப்பிள்ளை பக்கத்துக் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாயாலை சொன்னால் காணாது. வாயாலை சொன்னதாலைதானே இவ்வளவும் வந்தது. எழுதித் தாங்கோ" என்றா தாய்.

என் பையில் இருந்த ஒரே தாள், மாடு விற்கும்போது கொடுக்கும் உடல்நலச் சான்றிதழ்ப் புத்தகம். இனம், நிறம், கொம்பு, காது இலக்கம் என்று அச்சடித்திருக்கும். ஒவ்வொன்றையும் கோடு போட்டு வெட்டினேன். கீழே இருந்த வெற்றிடத்தில், "மேற்படி மலர் என்பவர் மனிதப் பிறவி என்பதாலும், நாகுகளுக்கு ஏற்படும் குறைபாடு மனிதப் பெண்களுக்கு ஏற்படுவதில்லை என்பதாலும், நான் முன்னர் கூறியது தவறு என இத்தால் உறுதிப்படுத்துகிறேன்" என்று எழுதி ஒப்பமிட்டேன். தாய் தாளைத் திருப்பிப் பார்த்தா.

"சீல்?"

சீலும் குத்தினேன். அவவுடைய முகம் தெளிந்தது. "அப்ப பேசின மாதிரியே நடத்துவம்" என்றா. மாப்பிள்ளை அப்போதும் நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கலியாணத்தைக் கெடுத்து, அதை நானே பிழைக்கவைத்துவிட்டேன் என்ற பெருமையோடு அடுத்த நாள் நெடுந்தீவுக்குப் படகு ஏறினேன். கையில் சான்றிதழின் நகல். மலர் நன்றி சொல்லுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். என் புத்தியை என்ன சொல்வது.

அவள் கிணற்றடியில் மாடுகளுக்குத் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். கையைச் சேட்டில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கி, வெட்டிய இடங்களையும் விடாமல் வாசித்தாள்.

"கொம்பு எண்ட இடத்திலையும் கோடு போட்டிருக்கிறியள்" என்றாள். நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதை அவை கேட்டவையோ?"

"ஓம் பிள்ளை. தாய் கேட்டவ. எல்லாம் இப்ப சரி."

"அவர் வீட்டிலை நிண்டவரோ?"

"பக்கத்திலைதான் இருந்தவர்."

"என்ன சொன்னவர்?"

நான் யோசித்தேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. "ஒண்டும் சொல்லேல்லை."

தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தாள். "என்னை மாடெண்டதும் நீங்கள். மாடில்லையெண்டதும் நீங்கள். சீலைப் பாத்துச் சரியெண்டது அவை. என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இந்தச் சம்பந்தம் எனக்கு வேண்டாம் டொக்டர்."

"அவசரப்படாதையும் பிள்ளை. என்னாலை உம்மடை வாழ்க்கை..."

"உங்களாலை இல்லை. இவ்வளவு கெதியாய்த் தெரிஞ்சது நல்லதுதான்." வாளியை மறுபடி கிணற்றுக்குள் இறக்கினாள். "அந்த நாம்பனுக்கு ரெண்டாம் ஊசி எப்ப? நான் நிக்கிற நாளாய்ப் பாத்து வாங்கோ. இல்லாட்டில் மதிலிலை இடம் காணாது."

சின்னத்துரை உள்ளே இருந்து சத்தம் போட்டு அழத் தொடங்கினார். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது இல்லை. நான் அவளுக்குச் செய்தது அநியாயம். திருத்தப் போய் மறுபடியும் செய்ததும் அதே அநியாயம்தான். அதைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, ஒதுங்கி நில்லுங்கோ, மாடு வருது" என்றாள்.

படகில் வரும்போது கொப்பியைத் திறந்தேன். பழக்கதோசத்தில் பென்சில் வலப் பக்கம்தான் போயிற்று. இவ்வளவு உறுதி ஒரு பெண்ணுக்கு எங்கிருந்து, என்று தொடங்கப் பார்த்தது. கையை இழுத்துக்கொண்டேன். இடப் பக்கத்தில் எழுதினேன்: "மலர் வேண்டாம் என்றாள். மாடுகளுக்குத் தண்ணீர் அள்ளினாள்." சனிக்கிழமை டொக்டர் அருமைநாயகம் கை கழுவி, வாசித்து, கொப்பியை மூடித் தந்தார். அந்தப் பக்கத்தில் அம்பு இல்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி முடித்தேன். சுகந்தி தன் கொப்பியை எடுத்து நடுவில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து பேரில் ஒரே ஆண்பிள்ளை கடைசி வாங்கில் இருந்து கை உயர்த்தினான்.

"சேர், அதுக்குப் பிறகு அவ ஆரையும் கலியாணம் கட்டினவவோ? பிள்ளையள் பிறந்ததோ?"

பதில் எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாசிக்கிற உங்களுக்கும் அதைத்தான் கேட்கத் தோன்றும். சுகந்தி கோடு போடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, அது எனக்குச் சொல்ல உரிமையில்லாத விசயம்" என்றேன். "தெரிஞ்சே ஆகவேணும் எண்டால் நாளைக்குக் காலமை குறிகட்டுவானிலை படகு ஏறி நெடுந்தீவுக்குப் போய் அவவிட்டையே கேளும். கேக்கிறதுக்கு முதல், அவவின்ரை கையிலை கயிறு இருக்கோ எண்டு மட்டும் பாத்துக்கொள்ளும்."